பார்வை இல்லாத கண்கள் ஏன் அலைகின்றன?

கல்லூரி நாட்களில் என் விடுதி அறை நண்பன் ஒருவனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஒருநாள் இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். அவன் பயண அட்டையை நீட்டினான். கண்டக்டர் அட்டையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கண்ணு நல்லா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதே தம்பி, கொஞ்சம் தெரியும் போலிருக்கே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு வரவில்லை. "அது பாட்டுக்கு ஓடும்ணே. ஓடுறது எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

கண்டக்டர் கேட்டதைப் பலரும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கண் அசைந்தால் ஏதோ தெரிகிறது என்று ஒரு நம்பிக்கை. கண் வேறு பக்கம் போனால் நாம் பேசுவதைக் கவனிக்கவில்லை என்று ஒரு வருத்தம். குழந்தையாக இருந்தால், வலிப்போ என்று ஒரு பயம். அப்புறம் மூளையைப் பற்றிய பேச்சு வேறு: "பார்வைக்கான மூளை சும்மாதானே கிடக்கும்" என்பார்கள், இல்லாவிட்டால் "அது அப்படியே காதுக்குப் போய்விடும்" என்பார்கள். இவை எல்லாமே பாதி உண்மைகூட இல்லை. நடப்பது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முன்னறிவு எதுவும் வேண்டாம். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் கையில் இருக்கும் செல்போனும் போதும்.

## முதலில் பார்வை உள்ள கண்

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். உடனே வலது கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தாலும் உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், கண் துள்ளித் துள்ளிப் போவது நன்றாகத் தெரிகிறது என்பார்.

இந்தத் துள்ளலுக்குத் தாவல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை நம் கண் இப்படித் தாவுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஓரிடத்தில் நின்று, தாவி, அடுத்த இடத்தில் நின்று என்றுதான் போகிறது. தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதில்லை. அதனால்தான் கண்ணாடியில் நம் தாவல் நமக்குத் தெரிவதில்லை.

அடுத்து செல்போன். அதைக் கையில் பிடித்து இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொண்டே திரையில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கும். இப்போது போனை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடிகிறது! இரண்டிலும் ஆட்டம் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை வலப்பக்கம் திரும்பியது என்று அவை சொன்னதும், மூளைத்தண்டு கண்ணை அதே அளவுக்கு இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. இது நடக்க விநாடியில் நூறில் ஒரு பங்கு போதும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, பிறகு திருத்துவதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் போன் ஆடும்போது கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. தலை ஆடும்போது முடிகிறது. கும்மிருட்டிலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும், ஏனென்றால் சேதி காதிலிருந்து வருகிறது.

இதுவரை: கண் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் உறுப்பு. ஒரு வகை அசைவு பார்வையை இடம் மாற்றுகிறது. இன்னொரு வகை, தலை ஆடினாலும் பார்வையை ஓரிடத்தில் நிறுத்துகிறது.

## ஸ்பிரிங் கதவும் மளிகைக்கடைத் தராசும்

டாக்டர் அறைகளில் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு இருக்கும். அதைத் திறக்க ஒரு தள்ளு வேண்டும். திறந்தே வைத்திருக்க, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கதவு மெல்லத் திரும்பும்.

கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. சுற்றியுள்ள தசையும் திசுக்களும் ரப்பர் போலக் கண்ணை நடுவுக்கே இழுக்கின்றன. ஓரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்க மூளை இரண்டு கட்டளைகள் தர வேண்டும்: தள்ளு, பிடித்துக்கொள். பிடித்துக்கொள் என்ற கட்டளையைத் தருவதற்கென்றே மூளைத்தண்டில் ஒரு நரம்புச் சுற்று இருக்கிறது. அதன் கணக்கு கொஞ்சம் குறைந்தாலும் கண் நடுவை நோக்கி நழுவும். கொஞ்சம் கூடினால் வெளியே ஓடும்.

இந்தக் கணக்கு சரியா என்று யார் பார்ப்பது? பார்வைதான். கண் நழுவினால், கண்ணுக்குப் பின்னால் உள்ள விழித்திரையில் விழும் பிம்பமும் நழுவும். நழுவல் நடந்த சேதி சிறுமூளைக்குப் போகும். சிறுமூளை பிடியை ஒரு நூல் இறுக்கும், இல்லை தளர்த்தும். பிறந்த சில நாட்களில் தொடங்கி, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் இது நடக்கிறது. காதிலிருந்து வரும் தலையசைவுக் கணக்கையும் இதே வழியில்தான் மூளை சரிசெய்துகொள்கிறது. புதிதாகக் கண்ணாடி போட்டவர்களுக்கு முதல் சில நாள் தரை மிதப்பது போல இருப்பதும், பிறகு சரியாகிவிடுவதும் இந்தத் திருத்தத்தால்தான்.

மளிகைக்கடையில் எலக்ட்ரானிக் தராசு வைத்திருப்பார்கள். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது சில நேரம் 15 கிராம் என்று காட்டும். கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். அவர் பார்த்ததால் திருத்தினார். பார்க்க ஆளே இல்லாவிட்டால் தராசு தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். நாளைக்கு வேறு எண்ணைக் காட்டும்.

## பொத்தானை அழுத்த ஆள் இல்லாதபோது

பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் கண்ணில் நடப்பது இதுவே. தசை நன்றாக இருக்கிறது. நரம்புச் சுற்றும் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் சேதி மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. எனவே கண் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நழுவுகிறது, சில நேரம் வெடுக்கென்று திரும்புகிறது, மறுபடி நழுவுகிறது. இப்படித் தானாக நடக்கும் தொடர் ஆட்டத்துக்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர்.

1980-இல் ஜான் லீ, டேவிட் சீ என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் பார்வையற்றவர்களின் கண் அசைவுகளை அளந்து எழுதினார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களிடம் அவர்கள் கண்டதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. கண் நழுவும் திசைகூட நிலையாக இல்லை. நேரம் போகப் போக மாறிக்கொண்டே இருந்தது. கண் இளைப்பாறும் அந்த நடுப்புள்ளியே இடம் மாறி அலைந்தது. பூஜ்யமே நகரும் தராசு! தலையைத் திருப்பும்போது கண்ணை எதிர்த்திசையில் திருப்பும் ஏற்பாடும் அவர்களிடம் மிகவும் குறைந்திருந்தது. கண்ணை இப்பக்கம் திருப்பு என்று கேட்டால், விரும்பியபடி திருப்புவதும் அவர்களுக்குக் கைகூடவில்லை.

வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களிடம் கதை வேறு. கண்ணை இடப்பக்கம் திருப்புங்கள் என்றால் அவர்களால் பெரும்பாலும் திருப்ப முடியும். ஒருமுறை சரியாகப் பழகிய சுற்று, பார்வை போன பின்னும் ஓரளவு தாங்கி நிற்கிறது. கண் மருத்துவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் ஒரு கணக்கும் இதோடு பொருந்துகிறது: 2 வயதுக்குள் இரு கண்ணிலும் பார்வை போனால் இந்த ஆட்டம் ஏறக்குறைய நிச்சயம் வரும், 6 வயதுக்குப் பிறகு போனால் அபூர்வம்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பார்வைக் குறைபாட்டால் வரும் ஆட்டம் பிறந்த அன்றே தெரியாது. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும்போதுதான் வெளியே தெரியத் தொடங்கும். குழந்தையின் கண் இலக்கில்லாமல் அலைந்தாலோ, முகத்தைப் பார்த்து நிற்காவிட்டாலோ, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவிக் கண்புரை போன்ற சில காரணங்கள் சிகிச்சையால் தீரக்கூடியவை, அதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். விரலாலோ முட்டியாலோ குழந்தை அடிக்கடி கண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறவியிலேயே விழித்திரை பழுதான குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் உண்டு.

இன்னொரு கேள்வி வரும்: கண் இப்படி ஆடினால் தலை சுற்றாதா? பார்வை உள்ள ஒருவருக்கு நடுவயதில் திடீரென்று நிஸ்டாக்மஸ் வந்தால் உலகமே ஆடுவது போல இருக்கும், படாதபாடு படுவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு ஆடுவதற்கு ஒரு காட்சியே இல்லை. "ஓடுறது எனக்கே தெரியாது" என்று என் நண்பன் சொன்னது அதைத்தான்.

இதுவரை: பிறவியிலேயே பார்வை இல்லாத கண் அசைவது எதையோ பார்க்க முயல்வதால் அல்ல. கண்ணை நிறுத்திப் பிடிக்கும் சுற்றுக்கு, பார்வை தர வேண்டிய பயிற்சி கிடைக்கவில்லை. அவர் யார் பேச்சைக் கவனிக்கிறார் என்பதைக் கண்ணை வைத்துக் கணிக்கவே முடியாது. என் நண்பன் கவனமாகக் கேட்கும்போது காதைத்தான் நம் பக்கம் திருப்புவான்; அதனால் முகம் வேறு பக்கம் போய்விடும். அதைத் திமிர் என்று நினைத்தவர்களும் உண்டு.

## பின்மண்டையில் யார் இருக்கிறார்கள்?

இனி மூளைக்குள் போவோம். கண்ணிலிருந்து வரும் சேதி கடைசியில் போய்ச் சேரும் முக்கிய இடம் தலையின் பின்பக்கம், தலையணையில் படும் இடத்துக்கு உள்ளே இருக்கிறது. அதைப் பார்வைப் புறணி என்பார்கள். புறணி என்றால் மூளையின் மேலடுக்கு.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு இந்த இடம் பூட்டிய வீடு போலக் கிடக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1996-இல் நோரிஹிரோ சடாட்டோவும் சக ஆய்வாளர்களும், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெய்ல் என்ற புடைப்புப் புள்ளி எழுத்தைப் படிக்கும்போது அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பார்வைப் புறணி சுறுசுறுப்பாக இருந்தது.

சுறுசுறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா? கல்யாண வீட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடுபவர் எல்லோரும் வேலை செய்கிறார் என்று அர்த்தமில்லையே. அதனால் அடுத்த ஆண்டே, 1997-இல், இன்னொரு சோதனை நடந்தது. தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் பின்மண்டையின் வேலையைக் கண நேரம் குழப்பினார்கள். பிரெய்ல் படித்துக்கொண்டிருந்த பார்வையற்றவர்கள் பிழை செய்யத் தொடங்கினார்கள். பார்வை உள்ளவர்கள் விரலால் புடைப்பு எழுத்தைத் தடவிப் படிக்கும்போது அதே இடத்தைக் குழப்பினால், அவர்களுக்கு அப்படிப் பிழை வரவில்லை.

இதைவிட அழுத்தமாகச் சொன்னது ஒரு பெண்ணின் துயரம். பிறவியிலேயே பார்வை இல்லாத அவர் பிரெய்லில் மிகத் தேர்ந்தவர். பக்கவாதத்தால் அவருடைய பின்மண்டை இரு பக்கமும் பாதிக்கப்பட்டது. பார்வையே இல்லாதவருக்குப் பார்வைப் புறணி போனால் என்ன இழப்பு என்று தோன்றும். ஆனால் அவரால் அதன்பின் பிரெய்ல் படிக்க முடியவில்லை. விரலில் உணர்ச்சி இருந்தது. மற்றப் பொருள்களைத் தொட்டுச் சொல்ல முடிந்தது. புள்ளிகள் மட்டும் தட்டையாகத் தெரிகின்றன என்றார். 2000-இல் இது மருத்துவ இதழில் வெளியானது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்நாள் முழுதும் விரலில் இருந்த வாசிப்பு, யாருக்கும் தேவையில்லாதது போலத் தோன்றும் ஓர் இடத்தோடு சேர்ந்து போய்விட்டதே.

"அப்படியென்றால் பார்வைப் புறணி தொடு புறணியாக மாறிவிட்டது, சரிதானே?" இங்கேதான் நிதானம் வேண்டும். பார்வை உள்ளவர்களின் கண்ணை 5 நாள் முழுதாகக் கட்டிவைத்து, பிரெய்ல் கற்றுக்கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. அந்த 5 நாளிலேயே அவர்கள் பார்வைப் புறணி தொடுதலுக்கு அசைந்து கொடுத்தது. கட்டை அவிழ்த்த 24 மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஐந்து நாளில் மூளையில் புதிய நரம்புப் பாதை நீளமாக வளர்ந்துவிடாது. பாதை முன்பே இருந்திருக்க வேண்டும். பஸ் வராத ஊரில் அந்த ரோட்டில் மாட்டுவண்டியும் சைக்கிளும் நிறைய போகுமே, அதுபோல. ரோட்டை யாரும் புதிதாகப் போடவில்லை. மூளை தன்னை அடியோடு மாற்றி அமைத்துக்கொள்கிறது என்ற பேச்சு மிகைப்பட்டது என்று டாமர் மேக்கின், ஜான் கிராக்கவர் என்ற இரு நரம்பியல் அறிஞர்கள் 2023-இல் விரிவாக வாதாடினார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

## "இணைப்பு" என்ற சொல்லில் இருக்கும் குழப்பம்

பத்திரிகைச் செய்தியில் "பார்வையற்றவர்களின் மூளையில் இணைப்புகள் அதிகம்" என்று வரும். படிப்பவர் மனதில் வயர்கள் தோன்றும். பெரும்பாலான நேரம் ஆய்வாளர்கள் அளந்தது வயரை அல்ல.

எம்ஆர்ஐ இயந்திரத்தில் ஒருவரைப் படுக்க வைத்து, ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்று சொல்கிறார்கள். மூளையின் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறும். இயந்திரம் அந்த மாற்றத்தைப் பதிவு செய்யும். சும்மா படுத்திருக்கும்போதும் இந்த அளவு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பத்து விநாடிக்கும் மேல். இரண்டு இடங்கள் சேர்ந்தாற்போல ஏறி இறங்கினால், அவற்றுக்கிடையே செயல்சார் இணைப்பு இருக்கிறது என்கிறார்கள். 1995-இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர், கையை அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையிலும் கை அசைவுக்கான இடது, வலது பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டினார். இந்தத் துறை அங்கிருந்து வளர்ந்தது.

தெருவில் கரண்ட் போகும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் கரண்ட் இல்லை. எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. நாலு வீடு தள்ளி இருப்பவர் கையில் விசிறியோடு வெளியே வந்து நிற்கிறார். "ஒரு ஃபேஸ் போயிடுச்சு" என்போம். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே தனியாக ஒரு வயரும் கிடையாது. ஒரே ஃபேஸில் இருப்பதால் சேர்ந்து அணைகிறது, சேர்ந்து எரிகிறது. செயல்சார் இணைப்பு என்பது இப்படிச் சேர்ந்து அணைந்து எரிவதைப் பார்த்து எழுதும் கணக்கு. ஏன் சேர்ந்து எரிகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

இந்த அளவுகோலில் பார்வையற்றவர்களின் மூளை எப்படித் தெரிகிறது? பார்வைப் புறணிக்கும் முன்மண்டைப் பகுதிகளுக்கும் உள்ள இணைப்பு, பார்வை உள்ளவர்களைவிட வலுவாகத் தெரிகிறது. மொழி, நினைவு, கவனம் எல்லாவற்றிலும் கைவைக்கும் பகுதிகள் அவை. பேச்சைக் கேட்கும்போதும் சொற்களை நினைவுகூரும்போதும் இவர்களின் பார்வைப் புறணி பங்கெடுக்கிறது என்ற முடிவுகளோடு இது ஒத்துப்போகிறது. வியப்பு என்னவென்றால், சும்மா படுத்திருக்கும்போது கேட்டல், தொடுதல் பகுதிகளோடு உள்ள இணைப்பு கூடவில்லை, குறைந்திருக்கிறது. "பார்வை மூளை அப்படியே காதுக்குப் போய்விடும்" என்ற எளிய கதை இங்கேயே இடறி விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. பார்வைப் புறணி ஒரு வரைபடம் போல அமைந்தது: பார்வையின் நடுப்பகுதிக்கு ஓரிடம், ஓரத்துக்கு ஓரிடம், மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி. கண் விழிகளே உருவாகாமல் பிறந்தவர்களின் மூளையிலும் இந்த வரைபடத்தின் சாயல் இணைப்புகளில் தெரிகிறது என்று 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. ஓர் ஒளிக்கீற்றுகூடப் படாத இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது இயற்கை!

இதுவரை: பார்வைப் புறணி காலியாக இல்லை. அதன் அடிப்படை அமைப்பு பார்வை இல்லாமலே உருவாகிறது, வேலை மட்டும் ஓரளவு வேறாகிறது. "இணைப்பு" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான்.

## கண் ஆட்டமும் மூளை இணைப்பும் சந்திக்கும் இடம்

இப்போது இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். இயந்திரத்துக்குள் சும்மா படுத்திருங்கள் என்று சொன்னால், பார்வை உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டோ படுத்திருப்பார். பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் சும்மாதான் படுத்திருக்கிறார். ஆனால் அவர் கண் படுத்திருக்கவில்லை. அது அலைந்துகொண்டே இருக்கிறது.

அதனால் மூளைக்கு என்ன? மூளை கண்ணுக்கு ஒரு கட்டளை அனுப்பும்போது, அதன் நகலை மூளையின் மற்றப் பகுதிகளுக்கும் அனுப்புகிறது. "நான்தான் கண்ணைத் திருப்புகிறேன், உலகம் நகரவில்லை" என்ற அறிவிப்பு அது. இதற்கு நகல் சேதி என்று பெயர் கொடுப்போம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் இமையின் வெளி ஓரத்தை விரலால் மிக மெதுவாக அழுத்தினால் காட்சி நகரும். விரல் கண்ணை நகர்த்தியது, மூளை கட்டளை தரவில்லை, நகலும் போகவில்லை, அதனால் உலகமே நகர்ந்தது போல ஆகிவிடுகிறது. நீங்களாகக் கண்ணைத் திருப்பும்போது காட்சி நகராமல் இருப்பது இந்த நகலின் உதவியால்.

பார்வை உள்ளவர்கள் முழு இருட்டில் கண்ணைத் தாவவிட்டாலும் பார்வைப் புறணியின் ஏற்ற இறக்கம் மாறுகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு கண்டது. பார்க்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் கண் அசைந்தது பின்மண்டைக்குத் தெரிகிறது. கண்ணோடு காதும் சேர்ந்துகொள்கிறது: கண் தாவும்போது செவிப்பறையும் அதிர்கிறது என்று ஜெனிஃபர் குரோவின் ஆய்வுக்குழு 2018-இல் கண்டறிந்தது. கண் அசைவு என்பது பார்வைக்கு மட்டுமான வேலை இல்லை. அதன் சேதி மூளை முழுக்கப் போகிறது.

மறுபடி ஃபேஸ் கதைக்கு வாருங்கள். ஒரு கண் அசைவு மூளையின் நாலைந்து பகுதிகளை ஒரே நேரத்தில் தொடுகிறது என்றால், அந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்கும். பார்ப்பவர், இவை ஒன்றோடொன்று பேசுகின்றன என்று எழுதிக்கொள்வார். உண்மையில் எல்லாம் ஒரே ஃபேஸில் இருக்கின்றன, அவ்வளவுதான். போதாததற்கு, விழி உருண்டை நகர்வதே பக்கத்து மூளைப் பகுதிகளின் ஸ்கேன் பதிவைக் கொஞ்சம் கலைக்கும். ஆக, பார்வை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டு "இணைப்பில் இவ்வளவு வேறுபாடு" என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு மூளையின் அமைப்பால் வந்தது, எவ்வளவு கண் அசைவால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிக்க வேண்டுமானால் கண் அசைவை அளக்க வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல். கண் அசைவை அளக்கும் கேமராக்கள் முதலில், "இந்தப் புள்ளியைப் பாருங்கள், அடுத்து அந்தப் புள்ளியைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் தங்களைச் சரிசெய்துகொள்ளும். பார்வை இல்லாதவரிடம் அதை எப்படிக் கேட்பது? கண்ணைச் சுற்றி மின்முனை ஒட்டி அளக்கும் பழைய முறை, விழித்திரை தரும் மின்னழுத்தத்தை நம்பியது. விழித்திரை பழுதானால் அந்தச் சேதியே மங்கிவிடும். 1960-களில் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்குக் கனவுத் தூக்கத்தில் கண் அசைவதில்லை என்று சிலர் முடிவுகட்டியதற்கு இது ஒரு காரணம். பிறகு 1965-இல், இமை மேல் அதிர்வு உணரும் கருவி வைத்துப் பார்த்தபோது அசைவு இருந்தது. கருவி கேட்காததை, கண் செய்யவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது ஒரு நல்ல வழி கிடைத்திருக்கிறது. தலையை ஸ்கேன் செய்யும்போது விழி உருண்டைகளும் படத்தில் விழுகின்றன. வழக்கமாக அதை வெட்டி எறிந்துவிட்டு மூளையை மட்டும் ஆராய்வார்கள். அந்த உருண்டைகளின் பதிவிலிருந்தே கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று கணிக்கும் மென்பொருள் ஒன்றை மார்க்கஸ் ஃப்ரே, மத்தியாஸ் நாவ், கிறிஸ்டியன் டோலர் மூவரும் 2021-இல் வெளியிட்டார்கள். கேமரா தேவையில்லை, கண் மூடியிருந்தாலும் பரவாயில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து அலமாரியில் கிடக்கும் ஸ்கேன்களில்கூட, விழிப்பகுதி அழிக்கப்படாமல் இருந்தால், கண் அசைவைத் தேடிப் பார்க்கலாம். குப்பைக்குப் போன ஓரத்துண்டில் இவ்வளவு இருந்திருக்கிறது.

## தாமதமாகக் கிடைத்த பார்வை

பயிற்சி கிடைக்காத சுற்றுக்குப் பல ஆண்டு கழித்துப் பார்வை கிடைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பதில் தேட முடிந்தது, வருத்தமான ஒரு காரணத்தால். பிறவிக் கண்புரையோடு பிறந்து, அறுவை சிகிச்சை எட்டாமல் பல ஆண்டுகள் பார்வையின்றி வளர்ந்த குழந்தைகள் இங்கே இருக்கிறார்கள். மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய புராஜெக்ட் பிரகாஷ் என்ற திட்டம் அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்து, அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதையும் ஆராய்ந்து வருகிறது.

ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையோடு சேர்ந்து ஜெர்மனியின் பிரிகிட்டே ரோடர் குழு செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. பிறவிக் கண்புரை நீக்கப்பட்டவர்களுக்குப் படங்களைக் காட்டி, கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். அவர்கள் கண்ணில் ஆட்டம் போகவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நிஸ்டாக்மஸ் தங்கிவிட்டது. ஆட்டத்தை மட்டும் பார்த்தால், இவர்களால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது என்றுதான் எவரும் சொல்வார்கள். பதிவைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஆட்டத்துக்கு நடுவிலேயே கண் படத்தில் முக்கியமான இடங்களைத் தேடிப் போயிருந்தது. சாதாரணப் பார்வை உள்ளவர்கள் அதே படத்தில் எங்கெங்கே பார்த்தார்களோ, ஏறக்குறைய அங்கெல்லாம் இவர்களும் பார்த்திருந்தார்கள்.